குதிரை மாறினால் நாதம் மாறுமா?

"அப்பா, பிரிட்ஜ் மாத்தணும்" என்றான் பையன், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் இரண்டாவது டிகிரி காபியோடு உட்கார்ந்த நேரம் பார்த்து.

2024 ஆகஸ்டில் சயான் ரயில் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடினார்கள் இல்லையா, அன்றிலிருந்து பிரிட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே செம்பூர்க்காரனான எனக்குக் கால் வலிக்கும். தாராவிப் பக்கம் போக எத்தனை சுற்று சுற்றியிருக்கிறேன்! "அதை ரயில்வேக்காரன் பார்த்துப்பான், நீ போய்ப் படி" என்றேன்.

அவன் சொன்னது வேறு பிரிட்ஜ். அவனுடைய பேஸ் கிட்டாரில் தந்திகள் வந்து முடிகிற இடத்தில் இருக்கும் உலோகத் துண்டு. நம்ம பாஷையில் சொன்னால் குதிரை. அதைக் கழற்றிவிட்டு, கனமான வெளிநாட்டுக் குதிரை ஒன்றைப் போட்டால் டோன் பிரமாதமாக மாறிவிடுமாம். விலை ஏழாயிரத்துச் சொச்சம். கிட்டாரே பதினாலாயிரத்துக்குத்தான் வாங்கினோம். கார் விலையில் பாதிக்கு டயர் மாற்றுகிற கதை!

ஒரு சின்ன அறிமுகம். நான் கும்பகோணத்துக்காரன். பிழைப்பு தேடி மும்பை வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. முதலில் மாதுங்காவில் மூன்று பேரோடு ஒரு அறை, அப்புறம் தாராவி எல்லையில் ஒரு வாடகை வீடு, இப்போது செம்பூரில் கடன் முடிந்த ஃப்ளாட். ட்ராம்பே பக்கத்து ஆலைகளில் பம்ப், கம்ப்ரஸர் இதெல்லாம் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. ஆகவே அதிர்வைப் பற்றி என்னிடம் யாராவது பேசினால் சும்மா விட மாட்டேன். பையன் என்ன செய்வான் பாவம், தப்பான அப்பனிடம் வந்து மாட்டிக்கொண்டான்.

இதை எழுதக் காரணம், நம்மில் நிறைய பேர் வீட்டில் இந்த வயசில் ஒரு பிள்ளை இருக்கிறது. கிட்டாரோ கீபோர்டோ வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அடுத்து "அதை மாத்தணும், இதை மாத்தணும்" என்று வருகிறது. சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று நமக்கும் தெரியவில்லை. நான் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல நிலையில் இருக்கிற பேஸ் கிட்டாரில் டோனுக்காக மட்டும் பிரிட்ஜ் மாற்றுவது வீண் செலவு. ஆனால் இந்தக் கட்சிக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலில்தான் நான் அடிபட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் 1951ல் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயரத்துக்கு நின்ற டபுள் பேஸைக் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதில் பிரிட்ஜ் என்பது வளைத்த ஒரு இரும்புத் தகடு. மேலே தந்தி உட்கார இரண்டே இரண்டு சாடில், அதாவது இரண்டு தந்திக்கு ஒன்று. 1957ல் தந்திக்கு ஒரு சாடில் வீதம் நான்காக்கினார்கள். அந்த வளைத்த தகடு வடிவம்தான் இன்று வரை விலை குறைந்த கிட்டாரிலிருந்து விலை உயர்ந்தது வரை பலவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1970களில் லியோ குவான் என்ற பெயரில் 'பேட்ஆஸ்' என்று ஒரு கனமான பிரிட்ஜ் வந்தது. கையில் வாங்கினாலே கனம் தெரியும். ரஷ் குழுவின் கெடி லீ போன்றவர்கள் அதை மாட்டிக்கொண்டு வாசித்ததும், வாசிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் "ஆஹா, ரகசியம் அங்கேதான் இருக்கிறது" என்று தோன்றிவிட்டது. அவர் விரலும் அவர் மூளையும் அந்தப் பெட்டியில் வராது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கனமான பிரிட்ஜ் போட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறார்கள்? தந்தியின் அதிர்வு மரத்துக்கு நன்றாக 'இறங்கும்', அதனால் நாதம் நீண்டு ஒலிக்கும் என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்திலேயே சண்டை இருக்கிறது, கவனித்தீர்களா? தந்தியில் நாம் கிள்ளிப் போட்ட சக்தி கொஞ்சம்தான். அது மரத்துக்கு நன்றாக இறங்கினால் தந்தியில் சீக்கிரம் தீர்ந்துபோகும். நீண்டு ஒலிக்க வேண்டுமென்றால் இறங்கக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

உண்மையில் கனமான, அசையாத முனை தந்தியின் அலையைத் திருப்பி அனுப்பும். சுவரில் எறிந்த ரப்பர் பந்து மாதிரி. துணித் திரையில் எறிந்தால் பந்து திரும்பாது. அந்த அளவில் கனமான பிரிட்ஜ் சுவரைக் கொஞ்சம் கெட்டியாக்குகிறது என்பது சரிதான். ஆனால் பழைய வளைத்த தகடும் கெட்டி மரப் பலகையில் நாலைந்து திருகாணி போட்டு இறுக்கியதுதானே? அதுவும் சுவர்தான். செங்கல் சுவரில் திரும்பும் பந்துக்கும் கருங்கல் சுவரில் திரும்பும் பந்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்?

இன்னொன்று. தந்திக்கு இரண்டு முனை. ஒன்று பிரிட்ஜ், இன்னொன்று கழுத்து. கழுத்து நீளமான, ஒல்லியான மரம். அது வளையும், ஆடும். ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் எலக்ட்ரிக் கிட்டார்களையும் பேஸ் கிட்டார்களையும் அளந்து எழுதியிருக்கிறார். சில கட்டைகளில் மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போவதற்குக் கழுத்தின் அதிர்வுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. அந்தச் சுரத்தின் அதிர்வும் கழுத்தின் இயல்பான அதிர்வும் ஒன்றிவிட்டால் கழுத்து அதை உறிஞ்சிக்கொள்ளும். பேஸில் ஜி தந்தியில் ஐந்தாவது கட்டையிலிருந்து ஏழாவது வரை பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பல கிட்டார்களில் அங்கே ஒரு சுரம் மட்டும் 'டொக்' என்று விழும். ஆக ஓட்டை கழுத்துப் பக்கம். நாம் செலவு செய்வது குதிரைப் பக்கம்!

அதைவிட முக்கியமானது, எலக்ட்ரிக் பேஸில் நாம் கேட்பது மரத்தின் சத்தமே இல்லை. தந்திக்குக் கீழே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கிறது. அது பிக்கப். இரும்புத் தந்தி அதன் மேல் ஆடும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. தடித்த ஈ தந்தி விநாடிக்கு 41 தடவை ஆடுகிறது என்றால், அந்த ஆட்டத்தைத்தான் காந்தம் பார்க்கிறது. அடியில் இருக்கும் மரத்தையோ பிரிட்ஜையோ அது நேராகக் கேட்பதில்லை.

"அப்படின்னா மாத்தினவங்க எல்லாரும் டோன் மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, பொய்யா சொல்றாங்க?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பொய் சொல்லவில்லை. டோன் மாறியிருக்கும். ஆனால் மாறியதற்குக் காரணம் பிரிட்ஜ் இல்லை. யோசித்துப் பாருங்கள். பிரிட்ஜ் மாற்ற வேண்டுமென்றால் தந்திகளைக் கழற்ற வேண்டும். கழற்றினவன் ஒரு வருடப் பழைய தந்தியையா திரும்ப மாட்டுவான்? புதுசு வாங்கி மாட்டுவான். தந்தியின் உயரம் மாறும், பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மாறும், சுருதி சரிபார்ப்பான், திருகாணிகளை எல்லாம் இறுக்குவான். நாலைந்து காரியத்தை ஒன்றாகச் செய்துவிட்டு பட்டத்தை மட்டும் பிரிட்ஜுக்குச் சூட்டுகிறோம். நடுவில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பழைய சத்தம் காதில் எங்கே இருக்கும்? ஏழாயிரம் கொடுத்த காது வேறு :-)

வாயால் சொன்னால் எடுபடாது என்று வீட்டிலேயே சோதனை போட்டோம். பையனோடு வாசிக்கிற ஒரு பிள்ளை, தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் வீடு, அப்பாவுக்குத் திருநெல்வேலி. அவன் அந்தக் கனமான பிரிட்ஜை வேறொரு நண்பனிடமிருந்து ஒரு வாரம் கடன் வாங்கி வந்தான். (அவனுடைய பேஸ் எங்கள் வீட்டுப் பேஸைவிட மலிவு. ஆனால் அவன் வாசித்தால் கீழ் வீட்டு மராத்திப் பாட்டி கூட வந்து எட்டிப் பார்க்கிறாள். அதைப் பிறகு பேசுவோம்.)

செய்தது இதுதான். முதலில் பழைய தந்தியோடு இருந்தபடியே பதிவு செய்தோம். பிறகு புதுத் தந்தி போட்டு, இரண்டு நாள் விட்டு, பழைய பிரிட்ஜிலேயே பதிவு செய்தோம். அப்புறம் அதே தந்திகளைக் கழற்றிக் கனமான பிரிட்ஜில் மாட்டி, தந்தியின் உயரத்தை ஸ்கேல் வைத்துப் பழையபடியே அமைத்து, மறுபடி பதிவு செய்தோம். வாசித்ததும் அதே கை, அதே நாலு சுரம், அதே சின்ன வரி. தங்கமணி காசு சுண்டிப் பார்த்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினாள். நான், பையன், தாராவிப் பிள்ளை மூன்று பேரும் தனித்தனியாகச் சீட்டில் எழுதினோம்.

பழைய தந்தி எது, புதுத் தந்தி எது என்பதை மூன்று பேரும் ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பழைய பிரிட்ஜா, கனமான பிரிட்ஜா என்பதில் மூவரும் கிட்டத்தட்டப் பாதி சரி, பாதி தப்பு. அதாவது காசு சுண்டியே எழுதியிருக்கலாம். கம்ப்யூட்டரில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒரு சுரம் மட்டும் துளி கூடுதலாக நீடித்தது போலத் தெரிந்தது. காதில் அது விழவில்லை. ஜி தந்தியில் செத்த சுரம் இரண்டு பிரிட்ஜிலும் செத்தே கிடந்தது. ஒரு சின்ன கிளாம்ப்பைத் துணி சுற்றிக் கிட்டாரின் தலையில் மாட்டிப் பார்த்தோம். செத்த சுரம் இடம் மாறிப் போய்விட்டது! கழுத்தின் எடை மாறியதும் அதன் அதிர்வும் மாறிவிட்டது. ஹார்டுவேர் கடை கிளாம்ப் செய்ததை ஏழாயிரம் ரூபாய் பிரிட்ஜ் செய்யவில்லை.

ஒரு வீட்டுச் சோதனை உலகத்துக்கே தீர்ப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அமைதியான ஸ்டூடியோவில், வேறொரு கிட்டாரில், கூர்மையான காதுக்கு ஏதாவது தெரியலாம். ஆனால் நம் பிள்ளைகள் வாசிப்பது டிரம்ஸ் பக்கத்தில், கல்லூரி விழா மேடையில். அந்த இடத்தில் தெரியாத வித்தியாசத்துக்கு நம் சம்பளத்தில் இடமில்லை.

அப்படியானால் பிரிட்ஜை மாற்றவே கூடாதா? மாற்றலாம், காரணம் இருந்தால். மும்பைக்காரர்களுக்கு முதல் காரணம் துரு. நாலு மாத மழையும் கடல் காற்றும் சேர்ந்தால் சாடிலின் பொடித் திருகாணிகள் இறுகிப்போகும். முதலில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். இரண்டாவது, சாடில் தானாக இடம் நகர்வது, அல்லது உள்ளே ஏதோ கிணுகிணுப்பது. மூன்றாவது, சாடிலைக் கடைசி வரை தள்ளியும் சுருதி நிற்காமல் இருப்பது. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தி வாசித்த சுரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் மேல்சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி இருந்தால் சாடிலைக் கழுத்திலிருந்து தள்ளிப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் பிரிட்ஜ் மாற்றுவதில் நியாயம் உண்டு. இதெல்லாம் வேலை நடக்கச் செய்யும் மாற்றம். 'டோன் அள்ளும்' என்று செய்யும் மாற்றம் இல்லை.

டோனுக்குத்தான் செலவு என்றால் என் வரிசை இது. முதலில் புதுத் தந்தி. அடுத்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கழுத்து வளைவு, தந்தி உயரம், பிக்கப் உயரம் மூன்றையும் சரிசெய்வது. அதற்கடுத்து கொஞ்சம் நல்ல ஆம்ப்ளிஃபயர். இதெல்லாவற்றுக்கும் முன்னால், காசே இல்லாத ஒன்று: வலது கை விரலை எங்கே வைக்கிறோம் என்பது. பிரிட்ஜ் பக்கம் கிள்ளினால் ஒரு குரல், கழுத்துப் பக்கம் கிள்ளினால் இன்னொரு குரல். நாலு அங்குலம் கையை நகர்த்தினால் கிடைக்கும் வித்தியாசம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தாராவிப் பிள்ளையின் ரகசியம் அதுதான். அவனுக்குக் கிட்டாரில் மாற்றுவதற்குக் காசில்லை. அதனால் கையை மாற்றக் கற்றுக்கொண்டான். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அந்தப் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடும். அதைக் கேட்டு யாராவது "என்ன பிரிட்ஜ்!" என்று வியந்திருக்கிறோமா?

இப்படி ஒரு மணி நேரம் பேசி, பையனை முழுசாக மடக்கி, வெற்றிப் புன்னகையோடு காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதுதான் சோபாவிலிருந்து அம்மா வாயைத் திறந்தாள்.

"பிரிட்ஜ்னா குதிரைதானேடா? குதிரையில ஒண்ணும் இல்லைங்கறே. அப்படின்னா என் வீணை ஏன் செத்துப் போச்சு?"

இதுதான் நான் முதலில் சொன்ன வால்.

அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. அப்பா போனபிறகு எங்களோடு வந்தவள். வரும்போது கூட வந்தது ஒரு தஞ்சாவூர் வீணை. தாதர் எக்ஸ்பிரஸில், பெட்டியோடு, இரண்டு ராத்திரி அதை அணைத்துக்கொண்டு தூங்காமல் வந்தாள். வந்த புதிதில் சாயங்காலம் விளக்கேற்றியதும் அரை மணி வாசிப்பாள். ஆறு வருடத்துக்கு முன்னால் "நாதம் சரியில்லைடா, குதிரை போயிடுத்துன்னு நினைக்கறேன்" என்றாள். புதுத் தந்தி வாங்கிக் கொடுத்தேன். "இல்லைடா, அது இல்லை" என்றாள். நான் அதிர்வு நிபுணன் இல்லையா? "அம்மா, வயசானா மேல் சுரமெல்லாம் காதுக்குக் கேட்காது, வீணை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பதையே விட்டுவிட்டாள். வீணை உறை போட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. நாங்கள் ஷண்முகானந்தாவுக்கும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸுக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்து, அம்மாவின் சங்கீதத்துக்கு எல்லாம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

அன்று அவள் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரிந்தே இருந்தது. அரைமணி முன்னால் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். பேஸில் குதிரை ஒரு சுவர், அதனால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று. வீணையில் குதிரை சுவர் இல்லை. வாசல்.

வீணைக்குக் காந்தம் கிடையாது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாகத்தான் குடத்தின் மேல்பலகைக்கு இறங்க வேண்டும். பலகை ஆடினால்தான் குடத்துக் காற்று ஆடும், நமக்குக் கேட்கும். மெல்லிசான தந்தி தானாகக் காற்றை என்ன அசைத்துவிடப் போகிறது? ஆக வீணையில் குதிரை சரியாக உட்காரவில்லை என்றால் சத்தத்துக்கு வழியே அடைபட்டது போல.

அது பாதிதான். குதிரையின் மேல் ஒரு உலோகத் தகடு உண்டு. அது தட்டையாகவும் இருக்காது, கத்தி முனை மாதிரியும் இருக்காது. லேசாக வளைந்து சரிந்திருக்கும். பேஸில் தந்தி சாடிலின் ஒரு புள்ளியில் தொட்டு நின்றுவிடும். வீணையில் தந்தி ஆடும்போது தகட்டின் வளைவில் ஒட்டி ஒட்டி விலகும். தந்தியின் நீளமே ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கூடிக் குறைகிற மாதிரி. அந்த ஒட்டி விலகலில்தான் மேல்சுரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. தம்பூராவில் குதிரைமேல் ஒரு நூல் துண்டை நகர்த்தி நகர்த்தி வைப்பார்களே, ஜீவா என்று, அதுவும் இந்த விளையாட்டுத்தான். பேரைப் பாருங்கள். உயிர் எங்கே இருக்கிறது என்று நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை அறிவியலாக எழுதியவரும் நம்ம ஊர்க்காரர்தான். திருச்சிக்காரரான சர் சி.வி. ராமன், 1921ல், கல்கத்தாவில் இருந்தபோது வீணை, தம்பூரா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளிச் சிதறலுக்காக நோபல் பரிசு வாங்கியது 1930ல். அதற்கு முன்பே இந்த ஆராய்ச்சி. ஒரு தந்தியை நட்டநடுவில் மீட்டினால், நடுப்புள்ளி அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் எதுவும் எழக்கூடாது என்பது பழைய விதி. சாதாரணத் தந்திக்கு அது சரி. வளைந்த குதிரை வைத்த நம் வாத்தியங்களில் அந்த மேல்சுரங்களும் நன்றாகக் கேட்கின்றன என்று ராமன் காட்டினார். காரணம் குதிரையின் வளைவு. அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். அந்த வீட்டில் "உனக்குக் காது சரியில்லை" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வளைவுத் தகட்டில்தான் இரும்புத் தந்தி வருடக்கணக்கில் தேய்கிறது. தேய்ந்தால் பள்ளம் விழும். தந்தி பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் ஒட்டி விலகல் போயிற்று. நாதம் மொட்டையாகிவிடும், இல்லையென்றால் கரகரக்கும். உறையைக் கழற்றிப் பார்த்தேன். டார்ச் அடித்ததும் தகட்டில் மூன்று கோடு பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. ஒரு ஓரத்தில் தகடு பிசின் விட்டு லேசாக ஆடவும் செய்தது. இதே மாதிரி ஒரு தேய்மானம் பம்ப் பேரிங்கில் இருந்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்து அறிக்கை எழுதியிருப்பேன். அம்மா சொன்னதால் ஆறு வருடம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மாதுங்காவில் வீணை சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமியைக் கேட்டதில், தஞ்சாவூரிலிருந்து அவ்வப்போது வந்து நாலைந்து வீட்டு வீணைகளைப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு பெரியவரின் தகவல் கிடைத்தது. அடுத்த மாதமே வந்தார். வந்ததும் வீணையைப் பார்க்கவில்லை. "என்னம்மா குறை?" என்று அம்மாவைத்தான் கேட்டார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரு தந்தியை மீட்டிப் பார்த்து, "நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தகட்டைச் சூடுகாட்டிக் கழற்றினார். அரம் போட்டுப் பள்ளத்தை எடுத்தார், வளைவைத் தேய்த்தார், மறுபடி பிசின் வைத்து உட்காரவைத்தார். தந்தி மாட்டி மீட்டுவார், கேட்பார், கழற்றுவார், நாலு இழுப்பு அரம், மறுபடி மாட்டுவார். பாதி நாள் இதே வேலை. என்னிடம் இருக்கும் லட்ச ரூபாய்க் கருவிக்குத் தெரியாத சாய்வு அவர் காதுக்குத் தெரிந்தது. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, சுருதி சரியில்லேன்னா இந்தக் குதிரையை நகர்த்துவீங்களா?" என்று கேட்டான். "குதிரையை எதுக்குத் தம்பி நகர்த்தணும், மெட்டுதான் மெழுகுல இருக்கே" என்று சிரித்தார். கிட்டாரில் கட்டை நிலையானது, சாடில் நகரும். வீணையில் குதிரை நிலையானது, இருபத்துநாலு மெட்டையும் மெழுகில் நகர்த்தி மேளம் கட்டுவார்கள். இரண்டு வாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட அந்த ஒரு வரியில் பையன் புரிந்துகொண்டான்.

கூலி, சாமான், வழிச்செலவு எல்லாம் சேர்த்தும் அந்தப் பிரிட்ஜ் விலையில் பாதிகூட ஆகவில்லை.

என் கருத்து மாறவில்லை. பேஸ் கிட்டாரில் டோனுக்காகப் பிரிட்ஜ் மாற்றாதீர்கள். ஆனால் அதைச் சொல்லும்போது ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 'குதிரையில் ஒன்றுமில்லை' என்பது பொது விதி இல்லை. எந்த வாத்தியத்தில் ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்த்துத்தான் காசை எங்கே போடுவது என்று சொல்ல முடியும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஊரை விட்டு வந்த நமக்கு மாற்றுவது என்றாலே முன்னேற்றம். அறையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஃப்ளாட், பழைய ஃபோனிலிருந்து புது ஃபோன். அந்தப் பழக்கத்தில் பிள்ளை "மாத்தணும்" என்று கேட்டால் உட்கார்ந்து ஆராய்கிறோம், விலை விசாரிக்கிறோம், சோதனைகூடப் போடுகிறோம். வீட்டுப் பெரியவர்கள் "இது சரியில்லைடா" என்று பழுதைச் சொன்னால் மட்டும் "வயசாச்சு" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் உறை போட்ட வீணையோ, சுருதிப் பெட்டியோ, மூலையில் சாத்திய மிருதங்கமோ இருக்கும். வாசித்தவர் ஏன் நிறுத்தினார் என்று ஒருமுறை கேளுங்கள். பதில் அவர் காதில் இல்லாமல், அந்த வாத்தியத்திலேயே இருக்கலாம்.

இப்போது சாயங்காலம் மறுபடி அரை மணி வாசிக்கிறாள். விரல் முன்னைப்போல ஓடவில்லை என்று அவளே சொல்கிறாள். ஆறு வருட இடைவெளியை எந்தப் பெரியவரும் அரம் போட்டு எடுக்க முடியாது. அது என் கணக்கில்தான் நிற்கும்.

டிஸ்கி: கடன் வாங்கிய கனமான பிரிட்ஜைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பையனுக்குப் புதுத் தந்தியும், கழுத்து சரிசெய்த கூலியும் மட்டும். மிச்சக் காசை அவனே "பாட்டி வீணைக்கு நல்ல உறை வாங்கலாம்" என்றான். பாட்டி வேண்டாமென்றுவிட்டாள். "உறை போட்டாத்தானேடா மறந்து போறீங்க" என்கிறாள்.